மீசைக்காரி வரைந்த முகம்

மீசைக்காரியைப் பற்றிச் சொல்வதென்றால் வாளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் வாளிக்கு முன்னால் மாஸ்க்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. சரி, மாஸ்க்குக்கே வருகிறேன்.

தலையணையும் மெத்தையும் செய்கிற கம்பெனியில் எங்களுக்கு வேலை. அதிலும் நாங்கள் இருப்பது பஞ்சுக்கூடம். அமுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மெஷினின் வாயில் போட வேண்டும். அது அடித்து, பிய்த்து, உதறி, பொசுபொசுவென்று மறுபக்கம் தள்ளும். தள்ளியதெல்லாம் மெத்தைக்குப் போகிறது என்று ஆபீசில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி எங்கள் மேல்தான் வந்து உட்காரும். அதனால் தலைக்குத் தொப்பி, புருவம் வரைக்கும் இறக்கிவிட்டது. அதற்குக் கீழே துணி மாஸ்க். நடுவில் இரண்டு கண். அவ்வளவுதான் நாங்கள்.

கூடத்தில் சத்தமோ சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. பெயர் என்று ஒன்று எல்லாருக்கும் கம்பெனிப் பதிவில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நான் உயரம், அதனால் நெட்டை. மாஸ்க்கை நாங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து எடுத்து வரவேண்டும் என்பதால், ஒருவருடையது இன்னொருவருக்கு மாறிப்போகாமல் இருக்க ஆளாளுக்கு மார்க்கரால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வோம். ஒருத்தி பூ போடுவாள், ஒருத்தி நட்சத்திரம் போடுவாள். எனக்குப் பொறுமை கிடையாது, குறுக்கே இரண்டு கோடு கிழித்துவிடுவேன்.

பக்கத்து மெஷின்காரி மட்டும் முதலில் எதுவும் போடாமல் இருந்தாள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து அவள் மெஷினைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஆம்பளை ஆள்தான் சரிப்படும். பொம்பளைங்க பொதி தூக்கிட்டு அப்புறம் முதுகு வலி, இடுப்பு வலின்னு வந்து நிப்பீங்க" என்றார். அவள் அடுத்த பொதியைத் தூக்கி மெஷினின் வாயில் போட்டாள். மறுநாள் காலை மாஸ்க்கில் முறுக்கு மீசையோடு வந்து நின்றாள். கறுகறுவென்று, இரண்டு பக்கமும் கன்னம் வரைக்கும் ஏறிய மீசை.

"ஆம்பளை வந்துட்டேன் சார். பொதி எங்க?" என்றாள்.

"என்ன கூத்து இது? அழி அதை."

"மார்க்கர் சார். அழியாது. எங்க வீட்டுக்காரர் சலூன் வச்சிருக்கார், அவர் வரைஞ்சு குடுத்தார். இப்ப இந்த மாடல்தான் ஓடுதாம்."

கூடமே குலுங்கியது. சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவள் மீசைக்காரி. மெஷினையும் அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை.

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தேனே, அவள் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. நம்ப மாட்டீர்கள். மெஷினை நிறுத்தக்கூடாது என்பதால் நான் சாப்பிடப் போனால் என் மெஷினையும் அவள் பார்த்துக்கொள்வாள், அவள் போனால் அவளுடையதை நான். வாசலிலேயே மாஸ்க் மாட்டித்தான் உள்ளே வருவோம். போகும்போது அவள் ஒரு பஸ், நான் வேறு பஸ், விட்டால் போதும் என்று ஓட்டம். ஆனால் அந்தக் கண்கள் எனக்கு அத்துப்படி. என் பொதி அடைத்துக்கொண்டால் நான் கூப்பிடும் முன்னே கை நீட்டுவாள். கண்ணாலேயே சூப்பர்வைசர் வருகிறார் என்பாள், கண்ணாலேயே அவரைத் திட்டுவாள்.

இப்போது வாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடையில் தள்ளுபடி. மூடி போட்ட நீல வாளி, நல்ல கனம், கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது. நான் கைப்பிடியைப் பிடித்தேன். அதே நேரம் ஒருத்தி வந்து அடியைப் பிடித்தாள். குட்டையாக, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சந்தோடு இருந்தாள்.

"நான் முதல்ல பிடிச்சேன்" என்றேன்.

"கைப்பிடியைத்தான பிடிச்சீங்க? பக்கெட்டைப் பிடிச்சது நானு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! இழுத்தேன். அவளும் இழுத்தாள். கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடியே போய்விட்டாள். "போடி ஓட்டைப் பல்லு!" என்று கடை அதிரக் கத்தினேன். வீட்டுக்கு வந்து கைப்பிடியை மேஜையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாளி பின்னாடி வருதா?" என்று கேட்டார். அன்றைக்கு அவரோடும் சண்டை.

மறுநாள் கூடத்துக்குப் போனதும் மீசைக்காரியிடம்தான் கொட்டித் தீர்த்தேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி, கையால் இழுத்துக் காட்டி, பல்லுச் சந்தைக்கூட விரலால் நடித்துக் காட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "அப்புறம்? அப்புறம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்படி ஒரு ரசிகை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அந்த வாரம் முழுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு சில மாதத்தில் மாஸ்க் மாறியது. முன்பு இரட்டைத் துணியில் கெட்டியாகக் கொடுப்பார்கள். இப்போது ஒற்றைத் துணி, வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே இருக்கும் ஆள் தெரியும். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டில் மாஸ்க்கை ஊறப் போட்டால் தண்ணீர் கருத்துவிடும். எனக்கு மட்டும்தான் இப்படி, நான்தான் மூச்சைப் பலமாக இழுக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆளாளுக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"மெஷின் சத்தத்தையும் தாண்டி உன் இருமல் கேக்குதுடி" என்றாள் மீசைக்காரி ஒருநாள். "நான் கமிட்டிக்கு நிக்கப் போறேன்."

தொழிலாளர் கமிட்டியில் எங்கள் கூடத்துக்கு ஓர் இடம் உண்டு. அதில் எப்போதும் ஜால்ராதான் உட்காருவார். அவருக்கும் ஏதோ நல்ல பெயர் இருக்கும், ஆனால் மேனேஜர் தும்மினால் முதலில் கைக்குட்டை நீட்டுகிறவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? எதிர்த்து யாரும் நிற்பதில்லை என்பதால் அவரே வந்துகொண்டிருந்தார். எனக்குக் குஷி தாங்கவில்லை. கூடமே மீசைக்காரிக்குத்தான் போடும், இதில் என்ன சந்தேகம் என்று இருந்தேன்.

ஓட்டுப் போடுகிற முறை சுலபம். திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு மேல் அந்த ஆளின் படம். பிடித்த படத்துக்குக் கீழே சீட்டைப் போட வேண்டியதுதான். அதே படங்களை ஒரு வாரம் முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் மாட்டிவிடுவார்கள்.

படங்கள் மாட்டிய அன்று நான் போய்ப் பார்த்தேன். ஒன்று மாஸ்க் போடாமல் ஆபீசையே சுற்றிவரும் ஜால்ரா, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்றைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பாத்திரக் கடையில் பார்த்த அதே முகம், அதே பல்லுச் சந்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு!

"அடிப்பாவி! இவளா?"

"யாரு இது? நம்ம கூடமா?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். படத்துக்குக் கீழே பெயர் இருந்தது. எந்தப் பெயர் யாருடையது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"எந்தக் கூடமோ தெரியாது. ஆனா இவ சரியான வாளித் திருடி. இவளுக்கு மட்டும் யாராவது போட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனா? காலையிலிருந்து மதியம் வரை மெஷின் மெஷினாகப் போய்ச் சொன்னேன். கடைசியில் மீசைக்காரியிடமே வந்து நின்றேன்.

"ஏண்டி, உன் படம் எங்க? அந்த வாளிக்காரி நிக்கிறாடி உனக்கு எதிரா! கவலைப்படாத, அவளுக்கு ஒரு சீட்டு விழாம பார்த்துக்கிட்டேன்."

மீசைக்காரி மெஷினை நிறுத்தினாள். என்னையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். அப்புறம் காதிலிருந்து நாடாவைக் கழற்றி மாஸ்க்கை இறக்கினாள்.

 மேல்பாதி என் மீசைக்காரி, கீழ்ப்பாதி வாளிக்காரி. கடையிலும் படத்திலும் நான் பல்லை மட்டும்தானே பார்த்தேன்!

"கைப்பிடி பத்திரமா இருக்கா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா? அன்னைக்கே தெரியுமா?"

"நீ பல்லை நடிச்சுக் காட்டினப்பவே தெரியும். சொல்லியிருந்தா அவ்வளவு நல்லா நடிச்சிருப்பியா?"

அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அடிப்பதற்கு நேரமில்லை. ஊரையெல்லாம் கூட்டி அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டிருந்தேனே! திரும்ப மெஷின் மெஷினாகப் போய், "அது நம்ம மீசைதான்" என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. "நேரத்துக்கொண்ணு பேசுறியே நெட்டை" என்றார்கள். போதாக்குறைக்கு ஜால்ரா, "மீசை போட்டியிலேர்ந்து விலகிட்டாளாம்" என்று கிளப்பிவிட்டார்.

மாஸ்க்கோடு எடுத்த போட்டோவைக் கொண்டுபோய்த் தேர்தலைக் கவனிக்கும் ஆபீஸ்காரரிடம் கொடுத்தோம். பூதக்கண்ணாடி போன்ற கண்ணாடி போட்ட மனிதர். சட்டம் பேசுவாரே தவிரக் கெட்டவர் இல்லை.

"முகம் தெரியணும்மா. மூடின முகத்தை எப்படி ஒட்டுறது?"

"சார், அங்க வேலை செய்றவங்களுக்கு இதுதான் என் முகம்" என்றாள் மீசைக்காரி.

"போட்டோவோ, கையால வரைஞ்சதோ, எதுவா இருந்தாலும் சரி. முகம் முழுசா தெரியணும். அவ்வளவுதான் விதி."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவளோ எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள். "வரைஞ்சதுன்னாலும் சரின்னார்ல?" என்றாள். "சாயங்காலம் சலூனுக்கு வா."

அவள் வீட்டுக்காரரின் சலூன் ஒரே அறை. எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி. ஒன்றில் கன்னம் நிறைய நுரையோடு ஒரு வாடிக்கையாளர். இன்னொன்றில் மீசைக்காரி, மடியில் தலையணை அடைக்கும் அட்டைப்பெட்டியின் பக்கம் ஒன்று, கையில் மார்க்கர். கண்ணாடியைப் பார்ப்பாள், ஒரு கோடு போடுவாள். முதல் படத்தில் மூக்கு உருளைக்கிழங்காக வந்தது. வீட்டுக்காரர் சவரக் கத்தியோடு எட்டிப் பார்த்து, "உனக்கு நெத்தி இவ்வளவு பெருசு இல்லம்மா, நான் தினம் பார்க்கிறேனே" என்றார். நுரைக்காரர் வாயைத் திறக்காமலே, "காது மேல ஏறிடுச்சு" என்றார். எல்லாரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், எவர் சொன்னபடியும் வரையவில்லை.

அடுத்த அட்டையில் முகம் அவளாகவே வந்தது. ஆனால் வாய் மட்டும் இறுக்க மூடி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கன்னு சொல்லியே வளர்த்தாங்க, இந்தப் பல்லுக்காக" என்றாள். "கூடத்துல மாஸ்க் போட்ட பிறகுதான் கையை வைக்காம சிரிக்கிறேன். கம்பெனிப் படத்துக்குக்கூட இவர்தான் கிச்சுக்கிச்சு மூட்டி எடுத்தார். நீ என்னை என்னன்னு திட்டினே?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லுடி."

"ஓட்டைப் பல்லு."

"அதைத்தான் வரையணும்" என்று இன்னொரு அட்டையை எடுத்தாள். இந்தத் தடவை வாய் கொள்ளாத சிரிப்பு, நடுவில் அந்தச் சந்து. எனக்கு மனசு என்னவோ செய்தது. நல்ல பல்லுதான் அது, பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகிற பல்லு.

பிறகு பையிலிருந்து அன்றைக்குப் போட்டிருந்த மாஸ்க்கை எடுத்தாள். படத்தின் இரண்டு காதுப் பக்கமும் அட்டையில் ஓட்டை போட்டு, நாடாக்களைக் கோத்து மாட்டினாள். படத்தின் மேல் மீசை வந்து உட்கார்ந்தது. இப்போது எங்கள் மீசைக்காரியேதான். கீழே பிடித்துத் தூக்கினால் சிரிக்கிற முகம் முழுசாகத் தெரிந்தது.

"துவைச்ச மாஸ்க் இல்லையா? அழுக்கா இருக்கே" என்றேன்.

"துவைச்சா இது எங்க போன மாஸ்க்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

மறுநாள் ஆபீஸ்காரர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மறுபடியும் மாஸ்க்கா?" என்றார்.

"தூக்கிப் பாருங்க சார். முகம் முழுசா தெரியும்."

தூக்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போடப் போனவர் விரலைப் பார்த்தார். விரல் சாம்பல் நிறமாக இருந்தது. மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார்.

"இது உள்பக்கமா?"

"ஆமா சார். வாய்ப் பக்கம். ஒரு நாள் வேலைக்கு."

அவர் விரலை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்ப் பலகையில் மாட்டினார்.

பிறகு பலகைக்கு முன்னால் கூட்டம். மீசையைப் பார்த்ததும், "நம்ம ஆளு!" என்று வருவார்கள். அடியில் எப்படி இருப்பாள் என்று பார்க்கும் ஆசை யாரை விட்டது? தூக்கிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே உள்பக்கத்தையும் பார்ப்பார்கள். "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்" என்று ஒருத்தி சொன்னாள். பூப் போட்டவள் தன் மாஸ்க்கை அங்கேயே கழற்றித் திருப்பிக் காட்டினாள். நட்சத்திரக்காரியும் காட்டினாள். மீசைக்காரி யாரிடமும் போய் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் அந்த அட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

ஜால்ரா சும்மா இருப்பாரா? தேர்தலுக்கு முதல்நாள் சூப்பர்வைசரிடம் போய், "அறிவிப்புப் பலகையில அழுக்குத் துணி தொங்குது சார், சுகாதாரக் கேடு" என்று ஊதிவிட்டார். சூப்பர்வைசர் மாஸ்க்கைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். அட்டை மட்டும் இருக்கலாமாம்.

ஓட்டுப் போடும் காலை. வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன், முட்டி மோதி. போட்டியிடுகிறவர்கள் பெட்டிப் பக்கமே வரக்கூடாது என்பதால் மீசைக்காரி தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னால் போனேன். ஒரு பெட்டிக்கு மேல் கோட்டு டை. இன்னொன்றுக்கு மேல் அட்டை, மாஸ்க் இல்லாமல். அழகாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வரிசையில் நிற்பதில் பாதிப் பேர் பலகைப் பக்கமே வராதவர்கள். அவர்களுக்கு இது யாரோ ஒருத்தி. இன்னும் சிலருக்கு என் புண்ணியத்தில் வாளித் திருடி.

நான் யோசிக்கிற ரகம் இல்லை. என் மாஸ்க்கைக் கழற்றினேன். முந்தின நாள் துவைக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்ட மாஸ்க், அதுவும் நல்லதாகப் போயிற்று. பையில் கிடந்த மார்க்கரால் என் இரண்டு கோட்டுக்கு மேலேயே ஒரு மீசை போட்டேன். கோணல் மீசைதான், இருந்தாலும் மீசை. அட்டையின் ஓட்டைகளில் நாடாவைக் கோத்தேன். சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வரிசை முழுக்க என்னையே பார்த்தது. "யாரு இந்தப் பொம்பளை? உள்ள எப்படி வந்தா?" என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை வருஷம் என்னிடம் பொதிக் கத்தி கடன் வாங்கினவள்!

"நெட்டைடி! உயரத்தைப் பாரு!" என்று இன்னொருத்தி கத்தினாள். அங்கிருந்து கடைசி ஆள் வரைக்கும் சிரிப்பு ஓடியது. பெஞ்சிலிருந்து மீசைக்காரி எழுந்து நின்று என் வெறும் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாஸ்க்குக்கு மேல் அந்தக் கண்கள் நிறைந்து போனதை நான் பார்த்தேன்.

ஜால்ராவும் அதை ஊகித்து ஓடிப்போய்ப் புகார் சொன்னார். ஆபீஸ்காரர் திரைக்குப் பின்னால் போனார்.  மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்திருப்பார் போல. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"தூக்கினா முகம் தெரியுது" என்றார். "அடுத்த ஆள் போங்க."

மீசைக்காரி ஜெயித்தாள். சாதாரண ஜெயிப்பு இல்லை, ஜால்ராவின் பெட்டியைக் கவிழ்த்தபோது, "இவ்வளவுதானா?" என்று அவரே கேட்டுவிட்டார். முதல் கூட்டத்துக்கு அந்த அட்டையையும் தூக்கிக்கொண்டு போனாள். மேனேஜர் தூக்கிப் பார்த்தாராம். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. பார்க்கலாம் என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். அவளும் விடாமல் கூட்டத்துக்குக் கூட்டம் அட்டையைக் கொண்டுபோய் எதிரே சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கடைசியில் கெட்டி மாஸ்க் வந்தது. தூசியை இழுக்கிற மெஷினும் வந்தது. மாஸ்க்கைக் கம்பெனியிலேயே துவைத்துக்கொள்ளக் குழாயும் வைத்துக் கொடுத்தார்கள்.

குழாய் வந்த அன்று மீசைக்காரி வீட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தாள். நீல வாளி, மூடியோடு. நான் பையைத் திறந்து கைப்பிடியை எடுத்தேன். அவள் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய கம்பியால் இரண்டு பேரும் சேர்ந்து முறுக்கிக் கட்டினோம். சாயங்காலம் கூடம் முழுக்க மாஸ்க்கைக் கழற்றி அதில் போட்டது. பூ, நட்சத்திரம், என் கோடு, அவள் மீசை எல்லாம் ஒன்றாக ஊறின. நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது, வாளியின் அடி தெரிந்தது. எனக்கு இருமலும் நின்றுபோயிருந்தது.

"என்னடி பார்க்கிற?" என்றாள் மீசைக்காரி. வாயைப் பொத்தாமல், மாஸ்க்கும் இல்லாமல், அத்தனை பேருக்கு நடுவில் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல. வாளியை முதல்ல பிடிச்சது நான்தான்" என்றேன்.